குடத்துக்குள் அம்மாவின் குரல்

ஜிப்பா போட்டுக்கொண்டு, தோளில் துணிப்பை மாட்டிக்கொண்டு, எதைக் கேட்டாலும் "அருமை, அருமை" என்று தலையாட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அவர்களில் நல்லவர்கள் உண்டு. நான் சொல்லப்போகிற ஆளும் நல்லவர்தான். கோபமே அதனால்தான் வருகிறது. கெட்டவராக இருந்திருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகிற ரோட்டில் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். தெருக்கோடியில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து நாலைந்து கலைக்காரர்கள் வானொலி நிலையம் நடத்தினார்கள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டினால் கேட்காது. சினிமாப் பாட்டு கிடையாது. விளம்பரம் கிடையாது. முதலில் ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. பிறகு அவர்கள் ஊர்க்காரர்களையே பிடித்துப் பேச வைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரன் குரல் செல்போன் ரேடியோவில் வருகிறது என்றதும் எல்லோரும் இயர்போனைச் சொருகிக்கொண்டு கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்த நிலையத்துக்குப் பெரியவரை நாங்கள் ஜிப்பாக்காரர் என்போம்.

வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் நிகழ்ச்சிப் பட்டியலைத் தூக்கிக் கடாசிவிடுவார்கள். அதற்குக் குடம் நாள் என்று பெயர். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் பதிவு செய்து முன்னாலேயே கொடுத்துவிடலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதி, பச்சை பிளாஸ்டிக் குடம் ஒன்றில் போட்டுவிடுவார்கள். காலை ஆறு மணிக்கு முதல் சீட்டு. எது கையில் வருகிறதோ அது ஒலிபரப்பாகும். முடிந்ததும் அடுத்த சீட்டு. எது எப்போது வரும் என்று நிலையத்துக்கே தெரியாது. கொடுத்தவர்கள் நாள் முழுக்கக் காதில் வயரோடு அலைய வேண்டியதுதான்.

அந்த வருடம் நானும் ஒன்று கொடுத்திருந்தேன். வீட்டில் யாருக்கும் தெரியாது.

அம்மா காருக்கு வயர் கட்டுகிற கம்பெனியில் ஆறு வருடமாகக் கான்ட்ராக்ட். நின்றுகொண்டே செய்கிற வேலை. நைட் ஷிப்ட் வாரத்தில் பகலில் தூங்கும்போது பேசுவாள். வாய் குழறாமல், தெளிவாக, ஆள் எதிரே நிற்பதுபோலப் பேசுவாள். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது இப்படிப் பேசிக்கொண்டிருந்தாள்:

"சார்… அட்டை குடுங்க சார். ஒன்னுக்குப் போவணும் சார். ரெண்டு நிமிஷம் சார். இல்ல சார், காலைல இருந்து போவல சார். ஓடியாந்துர்றேன் சார்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒன்றுக்குப் போக விரலை நீட்டிக் கேட்பது எங்கள் வேலை. டீச்சர் "இப்பதானடி போன?" என்பார். இவ்வளவு பெரிய பொம்பளை, எனக்கு அம்மா, என்னைப் போலவே கேட்கிறாள்! அப்பாவின் பழைய போனை எடுத்துவந்து, அவள் வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்தேன். மூன்று நாள் காத்திருந்து இன்னும் இரண்டு தடவை பிடித்தேன். வகுப்பில் அதே மாதிரி பேசிக் காட்டினேன். பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். ஊரே சிரிக்கட்டும் என்று நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு தாளில் "எங்கம்மா தூக்கத்தில் பேசியது" என்று என் கையெழுத்தில் எழுதியும் கொடுத்தேன்.

இன்னொரு சிரிப்பும் அதில் இருந்தது. அம்மா சார் என்று கூப்பிட்டது யாரை என்று எனக்குத் தெரியும். எங்கள் மாடி அண்ணனை.

கம்பெனிகளுக்கு நிலம் போன காசில் அப்பா மாடியில் மூன்று அறை கட்டி, தெற்கத்திப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அதில் ஓர் அறையில் தென்காசிப் பக்கத்து அண்ணன் இருந்தார். அவர்தான் அம்மா லைனுக்கு சூப்பர்வைசர். கம்பெனியில் அம்மாவுக்கு அவர் சார், லைனை விட்டு வெளியே போக அவர்தான் அட்டை கொடுக்க வேண்டும். வீட்டில் அவருக்கு அம்மா யக்கா, அம்மாவுக்கு அவர் தம்பி. மாடிக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து வீட்டுக்குப் பின்னால் ஒரு குளியலறையும் ஒரு கக்கூசும் இருந்தன. ரோட்டோரம் லாரி நிறுத்துகிறவர்கள் உள்ளே நுழைகிறார்கள் என்று அப்பா பூட்டுப் போட்டார். ஆளுக்கொரு சாவி கொடுத்தால் தொட்டித் தண்ணீர் காலியாகிவிடும் என்று ஒரே சாவிதான். அது எங்கள் சமையலறை ஆணியில், தொலையாமல் இருக்க ஒரு கட்டையோடு கட்டித் தொங்கும். மாடியில் யாருக்கு வயிற்றைக் கலக்கினாலும் எங்கள் பின்வாசலில் வந்து நின்று கேட்க வேண்டும். நாங்களும் ஒன்றும் யோக்கியர்கள் இல்லை.

"யக்கா, சாவி தாங்களேன்" என்று மாடி அண்ணன் வந்து நிற்பார். என்னைப் பார்த்தால், "ஏட்டி, வாய்ப்பாடு படிச்சியா இல்லியா?" என்பார். ஊருக்குப் போய்விட்டு வந்தால் அல்வா கொண்டுவந்து கொடுப்பார். எனக்கு அவரைப் பிடிக்கும்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கே எழுந்துவிட்டேன். முதல் சீட்டில் முறுக்கு சுடுகிற சத்தம் வந்தது. கால் மணி நேரம், வெறும் எண்ணெய்ச் சத்தம். அடுத்து மண்ணூர் சர்ச் பாடகர் குழு பாடிப் பழகியது. நடுவில் ஒருத்தி தும்மியதைக்கூட வெட்டவில்லை. அப்புறம் ஒரு லாரி டிரைவர் வாயாலேயே பதினெட்டு விதமான ஹாரன் அடித்தார். ஹாஸ்டலில் இருக்கிற வடக்கத்திப் பையன் ஒருவன் அவன் பாஷையில் ஒரு பாட்டுப் பாடி, பாதியில் அழுதான். யாரோ ஒரு வாத்தியார் பதின்மூன்றாம் வாய்ப்பாட்டைத் தாளம் போட்டுச் சொன்னார். கருவாட்டுக் குழம்பு செய்முறையை ஒருத்தர் வில்லுப்பாட்டாகப் பாடினார். ஒரு மின்விசிறி பத்து நிமிடம் சுற்றியது. அதற்கும் ஜிப்பாக்காரர் "அருமை" என்றார்.

ஒவ்வொன்று முடியும்போதும் வயரைக் காதில் இன்னும் அழுத்திச் சொருகிக்கொண்டேன். பல் விளக்கும்போது வந்துவிட்டால்? குளிக்கும்போது வந்துவிட்டால்? குளிக்கவே இல்லை. தெருவில் எல்லோரும் கேட்கிறார்களா என்று நாலு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். டீக்கடையில் ஓடியது. தெற்கத்தி அக்காக்கள் தங்கியிருந்த காம்பவுண்டில் துவைக்கிற கல் மேல் போனை வைத்திருந்தார்கள். எங்கள் மாடியிலும் ஓடியது. அம்மா என்னைப் பார்த்து, "இன்னாடி, காலைல இருந்து ஒரு எடத்துல குந்த மாட்டேன்ற? பூச்சி மாத்திர தரணுமா?" என்றாள்.

அப்பா கம்பெனி வண்டி டிரைவர். அன்றைக்குக் கல்யாண சவாரி போயிருந்தார். மத்தியானம் மாமா கோழிக்கறியோடு வந்தார். அம்மாவின் தம்பி, அவருக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

"யக்கா, உன் பேரு பர்மனன்ட்டு லிஸ்ட்ல வந்துகீதாமே! பிரியாணி எப்போ?"

"கத்தாதடா. மேலதான் இருக்குது அந்தப் புள்ள." அம்மா குரலைத் தாழ்த்தினாள். ஆனால் முகம் தாழவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததில்லை. "ஏழு பேரு எழுதிக்கிறானாம். என் பேரும் போட்டுக்கிறேன்னு அவனே சொன்னான். இன்னும் ஆபீசுக்குக் குடுக்கல. நாளைக்குத்தான் குடுக்கறான்."

"அப்போ ஒரு நாளு வாய மூடிகினு இரு. மோட்டார் கேட்டா மோட்டார போடு. சாவி கேட்டா சாவியக் குடு. வாடகய கூட மறந்துடு."

"நா எங்கடா வாயத் தொறந்தேன்?"

"மாமா, அவர யாராச்சும் கிண்டல் பண்ணா இன்னா ஆவும்?" என்றேன்.

"பேனாவ எடுத்து ஒரு கோடு. அவ்ளோதான், உங்கம்மா இன்னும் ஆறு வருஷம் கான்ட்ராக்ட்டு," என்று மாமா என் தட்டிலிருந்த கோழிக்காலை எடுத்துக் கடித்தார்.

காலையிலிருந்து வர வேண்டும் வர வேண்டும் என்று தவித்தவள், இப்போது வரக்கூடாது என்று தவித்தேன். பாதிச் சோற்றில் எழுந்து, நோட்டு வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

நிலையத்தின் சுவர் முழுக்க முட்டைத் தட்டுகளை ஒட்டியிருப்பார்கள், சத்தம் எதிரொலிக்காமல் இருக்க. அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்பும் நான் அங்கே போயிருந்தேன். அம்மாவும் அவள் லைனில் வேலை செய்கிற இரண்டு பேரும் ஜிப்பாக்காரரைப் பார்க்கப் போனபோது என்னையும் கூட்டிப்போனார்கள். அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள், நான் முட்டைத் தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசியில் பேசியது மட்டும் காதில் விழுந்தது.

"புரியுதுக்கா. ஆனா இது நியூஸ் மாதிரி ஆயிடும். நியூஸ் போட எங்களுக்கு லைசென்ஸ் கிடையாது. வேணும்னா நீங்க மூணு பேரும் ஒரு பாட்டு பாடுங்க, நடவுப் பாட்டு மாதிரி. கண்டிப்பா போடறேன்."

"பாட்டு பாடற மாரியா சார் கீது எங்க நெலம?" என்றாள் அம்மா. மூன்று பேரும் படி இறங்கினார்கள். எதற்காகப் போனார்கள் என்று நான் கேட்கவில்லை. முட்டைத் தட்டுக் கணக்கு தவறிவிட்டதே என்ற கவலை எனக்கு.

ஞாயிறு மத்தியானம் முன்னறையில் குடம் மட்டும் ஸ்டூல் மேல் இருந்தது. உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் ஜிப்பாக்காரர் கண்ணை மூடிக்கொண்டு யாரோ உறுமி அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் குடத்துக்குள் கையை விட்டு அள்ளினேன். என் கையெழுத்தைத் தேடினேன். இல்லை. எல்லாச் சீட்டிலும் ஒரே கையெழுத்து, பச்சை மை. நாங்கள் கொடுத்த பெயரையெல்லாம் அவர் மாற்றிவிட்டிருந்தார். "இரும்பின் தாலாட்டு." "தார் உருகும் பொழுது." "நிழலுக்கு ஒரு கடிதம்." எது யாருடையது என்று எழுதியவருக்கு மட்டும்தான் தெரியும்.

உறுமி நிற்கப்போகிற மாதிரி இருந்தது. அவசர அவசரமாக ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஒன்றில் "அம்மா என்றொரு தேசம்" என்று இருந்தது. இதுதான். வேறு எதுவாக இருக்க முடியும்? கசக்கிப் பாவாடை இடுப்பில் சொருகிக்கொண்டேன். உயிர் வந்தது. மற்றதையெல்லாம் மடித்து உள்ளே போட்டுவிட்டுத் திரும்பினால் கதவைத் திறந்துகொண்டு ஜிப்பாக்காரர் நிற்கிறார்.

"பாப்பா! சரியான நேரத்துக்கு வந்த. அடுத்த சீட்ட நீயே எடு, வா."

மைக்கின் முன்னால் உட்கார வைத்தார்கள். பயம் போய்விட்ட சந்தோஷத்தில் நான் நன்றாகக் குலுக்கி, கையை ஆழமாக விட்டு ஒன்றை எடுத்தேன். "அலை" என்று சத்தமாகப் படித்தேன். யாரோ கடற்கரைக்குப் போய்ப் பதிவு செய்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

முதலில் வயலின் வந்தது. இழுத்து இழுத்து, ஒரே சுரம். அடியில் யாரோ மூச்சு விடுகிறார்கள். உள்ளே போகிறது, வெளியே வருகிறது. அதுதான் அவருக்கு அலை. பிறகு அம்மா பேசினாள்.

"சார்… அட்டை குடுங்க சார்…"

நான் எழுந்து, "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றேன். ஜிப்பாக்காரர் உதட்டில் விரலை வைத்தார். அவர் கண்ணில் தண்ணீர். நிஜமான தண்ணீர். "நீ எவ்ளோ பெரிய காரியம் பண்ணிருக்க தெரியுமா?" என்று கிசுகிசுத்தார். ரெண்டு நிமிஷம் சார் என்ற இடத்தை அவர் நாலு முறை திரும்பத் திரும்ப வர வைத்திருந்தார், பாட்டில் பல்லவி வருவதுபோல.

அம்மா விழித்துக்கொண்டு, படியேறி வந்து, நேராகச் சொன்னபோது அது நியூஸ். போட முடியாது. தூக்கத்தில் உளறினால் கலை. வயலினோடு போடலாம். பிறகு அதை ஏதோ போட்டிக்கு அனுப்பி ஒரு கேடயமும் வாங்கினார். அதில் அவர் பெயர் இருந்தது. இதையெல்லாம் நினைத்துக் கொதிக்க எனக்கு இன்னும் பல வருடம் ஆக வேண்டியிருந்தது. அப்போது நான் படியில் விழுந்து, முட்டி தேய்ந்து, வீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தேன்.

தெருவெல்லாம் அம்மா குரல். டீக்கடையில் இரண்டு பேர் சிரித்தார்கள். நான் எதிர்பார்த்த சிரிப்பு அதுதான். ஆனால் தெற்கத்தி அக்காக்கள் காம்பவுண்டில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. துவைக்கிற கல்லைச் சுற்றி ஏழெட்டுப் பேர், சோப்பு நுரைக் கையோடு, போனைப் பார்த்தபடி நின்றார்கள். ஒரு அக்கா, "இது நம்ம லைனு அக்கால்லா," என்றாள். இன்னொருத்தி, "நம்ம எல்லாத்துக்கும் இதுதாம்ளா," என்றாள். இவர்களுக்கு ஏன் சிரிப்பு வரவில்லை என்று ஓடிக்கொண்டே யோசித்தேன்.

எங்கள் வீட்டில் மாமாவின் போன் ஜன்னலில் இருந்தது. மாமா வாயைத் திறந்தபடி இருந்தார்.

"யக்கா… இது உன் கொரலு மாரியே…"

"என் கொரலுதான்."

மாடியிலும் அதே குரல் கேட்டது. பிறகு மாடியில் மட்டும் நின்றுவிட்டது.

அம்மா என்னைப் பார்த்தாள். என் முட்டியில் இருந்த ரத்தத்தைப் பார்த்தாள். "நீயா?" என்றாள். தலையாட்டினேன். விளக்குமாறு பக்கத்திலேயே இருந்தது. அதை எடுக்கவில்லை.

"தூக்கத்துல கூடவாடி சார்னு கூப்புட்டேன்?"

"ஆமாம்மா. எல்லா வாட்டியும்."

அவள் என் முட்டியைக் கழுவிவிட்டாள். அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மாமா அங்கும் இங்கும் நடந்தார். "மேல போயி நா பேசறேன்க்கா. பாப்பா தெரியாம பண்ணிட்ச்சின்னு சொல்றேன். கால்ல கூட உழுறேன்." அம்மா, "குந்துடா" என்றாள். அவர் உட்கார்ந்தார். உடனே எழுந்து மறுபடியும் நடந்தார்.

மாடி அண்ணன் சாயங்காலம் வரை கீழே வரவில்லை. தினமும் ஐந்து மணிக்குச் சாவிக்கு வருகிறவர். ஐந்தரை ஆயிற்று. ஆறு ஆயிற்று. மேலே அவர் நடக்கிற சத்தம் மட்டும் கேட்டது, சுவருக்கும் சுவருக்கும். கீழே மாமா, மேலே அவர், நடுவில் நான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார். கையில் வாளி, தோளில் துண்டு. பின்வாசல் படிக்குக் கீழேயே நின்றார். முகத்தைப் பார்க்கவில்லை.

"யக்கா… சாவி."

அம்மா எழுந்தாள். ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள். கொடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். மாமாவும் நினைத்திருப்பார். அவள் சாவியை மடியில் போட்டுக்கொண்டு தண்ணீர்க் குடத்தின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ரெண்டு நிமிஷம் இரு தம்பி."

சொம்பில் தண்ணீர் மொண்டு குடித்தாள். அவசரமே இல்லை. ஒரு சொம்பு முடிந்தது. இன்னொன்று மொண்டாள். அதையும் நிறுத்தி நிறுத்திக் குடித்தாள். மாடி அண்ணன் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். வாளியைக் கீழே வைத்தார், எடுத்தார். மாமா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். மூன்றாவது சொம்பைப் பாதியில் வைத்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய்ச் சாவியை நீட்டினாள்.

அவர் வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார். "நா என்னக்கா செய்ய? எனக்கு மேல ஒருத்தன் மணியப் பாத்துக்கிட்டு நிக்கான்."

"தெரியும் தம்பி. போய்ட்டு வா," என்றாள் அம்மா. "ஓடியார வேணாம். மெதுவாவே வா."

அவர் போனார். மாமா தலையில் கைவைத்துக்கொண்டு, "போச்சு, எல்லாம் போச்சு" என்றார்.

ஏழு பேர் பட்டியலில் அம்மா பெயர் வரவில்லை. மாடி அண்ணன் கோடு போட்டாரா, ஆபீசில் யாராவது போட்டார்களா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவர் அந்த மாதமே மறைமலை நகர்ப் பக்கம் வேறு கம்பெனி பார்த்துக்கொண்டு காலி செய்துவிட்டார். பால்காரர் மட்டும் நிலையத்துக்குப் போய்ச் சண்டை போட்டதாகச் சொன்னார்கள். அவர் வீட்டுக் கன்றுக்குட்டி கத்தியதைப் பதிவு செய்து கொடுத்தாராம், அது வரவே இல்லையாம். "அம்மா என்றொரு தேசம்" என் பாவாடையோடு சேர்ந்து துவைக்கப்பட்டு மாவாகப் போயிருந்தது.

அன்று அம்மா ஏன் அவ்வளவு தண்ணீர் குடித்தாள் என்று எனக்குப் புரியவில்லை. மாமா கொண்டுவந்த கறியில் உப்பு கூடிப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா வேலைக்குப் போகும்போது ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துப்போவாள். வீட்டுக்கு வந்ததும் அவள் பையிலிருந்து அதை எடுத்து, மிச்சமிருக்கிற தண்ணீரைப் பின்வாசல் கறிவேப்பிலைக்கு ஊற்றுவது என் வேலை. மறுநாளும் அவள் ஷிப்ட் முடிந்து வந்தாள். நான் பையைத் திறந்தேன். எப்போதும் போலப் பாட்டிலில் கழுத்து வரை தண்ணீர். எப்போதும் போல முழுக்கச் செடிக்கு ஊற்றினேன். எங்கள் தெருவிலேயே எங்கள் கறிவேப்பிலைதான் அப்படித் தழைத்திருந்தது. அதில் எனக்குப் பெருமை வேறு.